முள் எதைச் சொல்ல வேண்டும்?

மோட்டார் காரின் முகப்பிலுள்ள மானிகளுள் வேகமானிக்குத்தான் கௌரவம் அதிகம். பெட்ரோலின் இருப்பைக் காட்டும் மானி, கல்யாண வீட்டில் தூரத்து உறவினர் உட்காருவது போல, ஓரமாக ஒதுங்கியிருக்கும். ஆனால் வேகமானி பிசகினால் யாராவது ஒரு போலீஸ்காரர் அதை நமக்கு எடுத்துச் சொல்லிவிடுவார். பெட்ரோல் மானியின் பிசகையோ, மனித நடமாட்டமே இல்லாத ஒரு சாலையில், பெரும்பாலும் மழையில், நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் செய்த காருக்கே இந்த கதி என்றால், வீட்டுக் கொட்டகையில் ஒருவர் தம் கையாலேயே பூட்டி முடித்த காரில் அந்த முள் ஒழுங்காக நிற்பது அபூர்வம். அதைத் திருத்துகிறவர்களும் தவறான முனையிலிருந்தே தொடங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கார் கட்டுவதை ஒரு குடிசைத் தொழில் போலப் பழக்கிக்கொண்ட தேசம் இங்கிலாந்து. காலின் சாப்மன் 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் சிறிய திறந்த காரை வெளியிட்டபோது, முழுக் காராக விற்றால் விற்பனை வரி உண்டு, உதிரிகளாக விற்றால் இல்லை என்ற சட்டத்தின் சௌகரியத்தை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். உதிரிகளோடு பூட்டும் முறையை விளக்கும் புத்தகம் தரக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்ததாகவும், அவர் காரைக் கழற்றும் முறையை எழுதிக்கொடுத்து, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். 1973-இல் அந்த வரி போயிற்று. அதே வருஷம் செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனியின் கைக்கு மாறியது. ஆனால் கையால் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை. 250 பவுன் செலவில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கொட்டகைக்குள் புகுந்தார்கள். நான் அந்நாட்டில் வசித்த காலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களுள் ஒருவர்; கடைசல் பட்டறையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர்.

பெட்ரோல் மானி என்று நாம் ஒருமையில் சொன்னாலும் உண்மையில் அது இரண்டு கருவிகள். தொட்டிக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் கம்பிக்கை, பெட்ரோலின் மட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப, மின்தடைக் கம்பி சுற்றிய ஒரு சிறு தகட்டின் மேல் வழுக்கிச் செல்கிறது. முகப்பிலுள்ள மானியோ பெட்ரோலைக் கண்ணால் கண்டதே இல்லை; தன்னோடு தொடர்ந்துள்ள தடை எத்தனை ஓம் என்பது ஒன்றே அது அறிந்த சங்கதி. சங்கடம் என்னவென்றால், உலகத்தார் எல்லாரும் ஒரே பாஷையில் ஓம் பேசுவதில்லை. பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் வழக்கில் காலித் தொட்டிக்கு ஏறக்குறைய 240 ஓம், நிரம்பியதற்கு 30 சொச்சம், பழைய அமெரிக்க ஃபோர்டு வழக்கில் காலிக்கு 73, நிரம்பியதற்கு 10, ஜெர்மன் வி.டி.ஓ. வழக்கிலோ எல்லாம் தலைகீழாகி, காலிக்கு 10, நிரம்பியதற்கு 180. ஒரு வழக்கின் மிதவையை இன்னொரு வழக்கின் மானியோடு சேர்த்துவிட்டு முள் பொய் சொல்கிறது என்று குறைகூறுவது, ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டுப் பெண்ணின் மேல் பழி போடுவதைப் போன்றது.

நம் பக்கத்து வீட்டுக்காரர் செய்தது அதுதான். பழைய சாமான் சந்தையில், முகப்பின் அழகுக்காகவே, ஓர் அமெரிக்கக் காரின் மானியை வாங்கினார். மிதவையைப் புதிதாக உள்ளூரில் வாங்கினார். பழைய மானிகளுக்கு பாட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கக்கூடாது, பிரிட்டிஷ் மானிக்குப் 10, அமெரிக்க ஃபோர்டு மானிக்கு 5 என்று குறைத்துக் கொடுக்கும் ஒரு சிறு பெட்டி வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. எர்த் கம்பியைப் பெயின்ட்டின் மேல் முடுக்காமல், சுரண்டிய இரும்பின் மேல்தான் முடுக்கியிருந்தார். ஆனாலும் பாதித் தொட்டி இருக்கும்போதே முள் காலியில் படுத்துவிட்டது. மானி கெட்டுவிட்டதென்று இன்னொரு மானி வாங்கினார். அதுவும் அதே இடத்தில் படுத்தது. பத்து நிமிஷம் மல்டிமீட்டரைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை இரண்டு மானிகளின் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம்: மிதவை 240 என்கிறது, மானி 73-க்கு மேல் எதையும் காலி என்றே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு யாரும் சொல்லும் வைத்தியம், மிதவைக்குப் பக்கவாட்டில் ஒரு தடையை இணைப்பது. 110 ஓம் தடையைச் சேர்த்தால் காலியின் 240 என்பது 75 ஆகக் குறைகிறது. மானியின் 73-க்கு மிக அருகில், அதுவும் பத்திரமான பக்கத்தில். பரமதிருப்தியோடு தொட்டியை நிரப்பினோம். நிரம்பிய தொட்டியின் 30 ஓம் இப்போது 23-க்கு மேல் இருந்தது. அந்த அமெரிக்க மானியிலோ 23 ஓம் என்றால் ஏறத்தாழ பாதி. ஒரு முனையைச் சரிசெய்தவுடன் மறுமுனை கைவிட்டுப் போயிற்று. அழகான மானியை மனமில்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மிதவையின் பாஷை தெரிந்த சாதாரண மானி ஒன்றைப் பூட்டினார். அன்று நிரப்பிய தொட்டிக்கு அது நிறைவு என்றே காட்டியது. அவருக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாவது வாரம், கால் தொட்டி என்று முள் உறுதியாகக் காட்டிக்கொண்டிருக்க, கார் நின்றது. காரணத்தை மறுநாள் மிதவையைக் கழற்றியபோது பிரத்தியட்சமாகக் கண்டோம். தொட்டி அவரே அலுமினியத் தகட்டில் மடித்துச் செய்தது. தாழ்ந்த கார் ஆதலால் ஆழம் குறைவு. மிதவையின் கைக்கு வேண்டிய ஆழமோ அதற்கும் மேல். ஆகவே தகட்டின் மேல் கை முழுவதும் இறங்குவதற்கு முன்பே மிதவை தொட்டியின் தரையில் உட்கார்ந்துகொண்டு, 150 ஓம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தரைக்குக் கீழே போக அதற்கு வழி ஏது?

கையைக் குட்டையாக்கிப் பூட்டிய பிறகு நாங்கள் செய்ததுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். கார் நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க, கொட்டகைக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, பாட்டரியைக் கழற்றி, வெற்றுத் தொட்டியில் இரண்டு லிட்டர் அளவுக் குவளையால் அவர் பெட்ரோலை ஊற்ற, நான் முன்னால், தொட்டிக்கு எட்டாத இடத்தில், மானியிலிருந்து பிரித்த கம்பியின் நுனியில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, அவர் எழுந்து வந்து சுவரில் பென்சிலால் எழுதினார். முதல் இரண்டு லிட்டருக்கு எண் அசையவே இல்லை. மிதவை மிதக்கும் அளவுக்குப் பெட்ரோல் சேரவில்லை. நடுவில், தொட்டியின் அடித்தகடு சாய்வாக இருந்த பகுதியில், ஒவ்வொரு குவளைக்கும் வேறு வேறு தாவல். கடைசிக் குவளைக்கு மறுபடியும் அசைவில்லை. மிதவை மேல்தகட்டில் முட்டிவிட்டது. பதினாறு குவளை, 32 லிட்டர், சுவரில் பதினேழு வரிகள். தொட்டியின் வடிவம் அந்தப் பதினேழு வரிகளில் இருந்தது. எந்தக் கடையிலும் அது விற்பனைக்குக் கிடையாது.

கார் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தொட்டியை நிரப்பி முள்ளை நிறைவில் நிறுத்திவிட்டு அதையே திருத்தம் என்று நினைக்கிறார்கள். நான் மறுப்பது இதைத்தான். நிரம்பிய தொட்டியின் விஷயத்தில் மானியின் சாட்சியம் யாருக்கும் தேவையில்லை; நிரப்பியவனுக்கே அது தெரியும். ஆகாய விமானக்காரர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள்: சிறு விமானங்களுக்கு 2017 வரை இருந்த அமெரிக்க விதியில், சமமாகப் பறக்கும்போது பயன்படுத்த முடியாத அடித்தேக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும் நிலையில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்று பூஜ்யத்தைக் குறித்து விசேஷமாகவே சொல்லியிருந்தது. அளவின் பெயரும் அற்பமானதல்ல. 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கனடாவில், மானிகள் வேலை செய்யாத ஒரு போயிங் 767 விமானத்தில் எரிபொருளைக் குச்சியால் அளந்து கணக்கிட்டவர்கள், கிலோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டைக் கொண்டுவந்துவிட, வேண்டியதில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் வற்றிப்போய், கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் காற்றில் மிதந்து இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது விமானியின் சாமர்த்தியம்.

பாதி, கால் என்ற அடையாளங்களையே நான் சந்தேகிப்பது இதனால்தான். எதில் பாதி? லிட்டரை எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. தொழிற்சாலைக் கார்கள் பலவற்றில் நிரப்பிய பின் வெகுதூரம் முள் நிறைவிலேயே நின்று நம்மைக் குஷிப்படுத்துகிறது. காலியைத் தொட்ட பிறகும், எவ்வளவென்று சொல்லாத ஒரு சேமிப்பு அடியில் இருக்கிறது. பழைய ஸ்கூட்டரில் ரிசர்வ் குழாயைத் திருப்பியவர்களுக்கு மானியே கிடையாது. ஆனால் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு இருந்தது. காரை முழுவதும் தானே கட்டியவன் அந்த இரகசியச் சேமிப்பு முறையையும் அப்படியே நகல் செய்ய வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பி எங்காவது துருப்பிடித்து அறுந்தால், ஸ்மித்ஸ், ஃபோர்டு வழக்குகளில் முள் காலியில் விழும், வி.டி.ஓ. வழக்கில் நிறைவையும் தாண்டி ஏறி நிற்கும். கம்பியின் மேலுறை தேய்ந்து இரும்பைத் தொட்டால் விளைவு நேர்மாறாகும் என்று ஆட்சேபிக்கலாம், உண்மைதான். ஆயினும் உப்பு தூவிய குளிர்காலச் சாலைகளில் ஓடும் காருக்கு அறுதலே அதிகம் என்பதால், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் பஞ்சம் பாடுகிற முள்ளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மானியின் கண்ணாடியைக் கழற்றி, பழைய எழுத்துக்களின் மேல் வெள்ளை அட்டை ஒட்டி, சுவரிலிருந்த கணக்கைப் பார்த்து 4, 8, 12 என்று 28 வரை கையால் எழுதினார். இடைவெளிகள் சமமாக இல்லை. சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் அகலம். எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அடுத்த மாதம் முள் அந்தக் கோட்டில் நின்றபோது பங்க்கில் நிறுத்திக் கழுத்துவரை நிரப்பினார், 26.3 லிட்டர் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும் காரிலிருந்து இறங்கிய கையோடு கொட்டகைக்குள் போய், பதினேழாவது வரிக்குக் கீழே அந்த எண்ணையும் பென்சிலால் எழுதிவைத்தார்.