மீந்த ஆயிலும் கிளட்ச் தட்டும்

“காருக்கு வாங்கியதில் மீந்ததை பைக்கில் ஊற்றலாம், 10டபிள்யூ-30 என்றால் எல்லாம் ஒன்றுதான்” என்கிறார் நண்பர். இல்லவே இல்லை. அந்த எண் சொல்வது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும். கியர் காரில் கிளட்ச் பொதுவாக உலர்ந்தே இருக்கும். நம் கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அது தட்டுகளின் பிடியைத் தளர்த்திவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை முறுக்குவீர்கள். இன்ஜின் அலறும், வண்டி ஏறாது. இதைத் தவிர்க்கத்தான் ஜப்பானில் 1998இல் பைக் ஆயிலுக்கென்றே ஜாசோ என்ற தரத்தை வகுத்தார்கள். (கியரில்லா ஸ்கூட்டர்களின் கதை வேறு, அவற்றின் கிளட்ச் ஆயிலில் ஊறுவதில்லை.) பைக்குக்கு ஆயில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பி, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.