பாலத்தில் மட்டும் சைக்கிளுக்கு இடமில்லையா?



சைக்கிள் என்றால் புதுக்கோட்டை, புதுக்கோட்டை என்றால் சைக்கிள் என்று நாடே பேசிய காலம் ஒன்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக் கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடி ஊழியர்களும், ஆசிரியைகளும் ஓட்டப் பழகினார்கள். வீட்டு வாசலைத் தாண்டத் தயங்கிய நம் சமுதாயப் பெண்களும் பழகினார்கள் என்பதை இங்கே பெருமையோடு சொல்லத்தான் வேண்டும். முன்னால் பிள்ளையும் பின்னால் தண்ணீர்க் குடமுமாக, பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல், யார் தயவும் இல்லாமல் போய் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அப்படிப் பழகியதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். 1996இல் வெளிவந்த அவருடைய நூலிலும் அது இடம்பெற்றது.

அந்தப் பெண்களுக்கு நாம் சைக்கிள் கொடுத்தோம். பாதை கொடுத்தோமா?

சாலையில் போகும்போது பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் என்ன செய்கிறார்? தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிக் கொள்கிறார். லாரி போன பிறகு மீண்டும் ஏறுகிறார். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உயிர் தப்ப அங்கே ஒரு வழி இருக்கிறது. பாலத்தில் அந்த வழியும் இல்லை! ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் உரசிக்கொண்டு போகும் பஸ். காற்று வாய்க்கால் போல அடித்து வண்டியைத் தள்ளும். ஓரமாகப் போகலாம் என்றால் அங்கேதான் மணல் குவிந்து கிடக்கிறது, சக்கரம் சறுக்கும். (அமைச்சர் வருகிற நாளில் மட்டும் அந்த மணல் காணாமல் போய்விடும்!) பாலத்தின் இணைப்பு இடுக்கில் மெல்லிய டயர் சிக்கினால் என்ன ஆகும் என்பதை ஓட்டியவர்களே அறிவார்கள். ரயில்வே மேம்பாலம் என்றால் இன்னும் மோசம். ஏற்றத்தில் சைக்கிள் வேகம் குறையும், தடுமாறும். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் வருகிறவருக்குப் பொறுமை போகும்.

புதுக்கோட்டை வெள்ளாற்றங்கரை நகரம். திருமயம் பக்கம் போகிறவர் ஆற்றைக் கடந்தே தீர வேண்டும். ஆற்றுக்கு வேறு வழி கிடையாது. பாலம் ஒன்றுதான் வழி. ஒருவர் பத்து மைல் சாலையில் நிம்மதியாக வந்தாலும், நடுவில் இருக்கும் நூறு கஜம் பாலம் பயமென்றால் அவர் சைக்கிளையே எடுக்க மாட்டார்.

"இப்போது யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. நம் அரசாங்கத்தையே கேளுங்கள்! 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகளின் பிற மாணவ, மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளை மணல் லாரியோடு ஒரே பாலத்தில் போட்டி போடட்டும் என்று விடுவது என்ன நியாயம்? பெரியவர்கள் சைக்கிளை விட்டது வசதி வந்ததால் மட்டுமல்ல, பயத்தாலும்தான். எத்தனை பெற்றோர் மகளிடம் "சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போ" என்கிறார்கள்! அந்த பஸ் வராத நாளில் படிப்பும் போகிறது.

சட்டமும் கொள்கையும் இல்லாமல் இல்லை. வாகனங்களை அல்ல, மனிதர்களைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்று 2006இல் மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் என்று 2014இல் சென்னை மாநகராட்சியும் ஒரு கொள்கை வகுத்தது. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது!

வெளிநாட்டைப் பாருங்கள். நியூயார்க்கில் 1883இல் திறந்த புரூக்ளின் பாலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஒரே மேடையில் முட்டி மோதிக்கொண்டு போனார்கள். 2021இல் கார்கள் ஓடிய ஒரு தடத்தை எடுத்துத் தடுப்பு வைத்துச் சைக்கிளுக்கு ஒதுக்கினார்கள். கனடாவின் வான்கூவரில் பர்ராட் பாலத்தில் 2009இல் சோதனையாக அதையே செய்தார்கள். போக்குவரத்தே நின்றுவிடும் என்று கூச்சல் எழுந்தது. நிற்கவில்லை, தடம் நிலைத்துவிட்டது.

நம் பழைய பாலங்கள் குறுகியவை, அங்கே ஒரு தடத்தையே எடுக்க முடியாது என்பது உண்மைதான். அங்கே பக்கவாட்டில் தனி நடைமேடை இணைக்க முடியுமா என்று பொறியாளர்கள் பார்க்கட்டும். அதுவரை வேகத்தையாவது கட்டுப்படுத்தலாம், மணலையாவது கூட்டலாம். ஆனால் இனிமேல் கட்டும் பாலத்துக்கு என்ன சாக்கு? வரைபடத்திலேயே இரு பக்கமும் ஆளுக்கு ஆறடி சேர்த்தால் ஆகும் செலவு, கட்டிய பிறகு இடித்து ஒட்டும் செலவில் ஒரு பங்குகூட வராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெறும் வெள்ளைக்கோடு போட்டால் அது ஷேர் ஆட்டோ நிற்கும் இடமாகிவிடும். உயரமான தடுப்புக்கல் வேண்டும்.

புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. இனி மேம்பாலங்களும் விரிவாக்கங்களும் வரிசையாக வரும். டெண்டர் விட்ட பிறகு மறியல் செய்து பயனில்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் இருக்கும் ஜமாஅத்துகள், பள்ளி பெற்றோர் ஆசிரியர் கழகங்களோடும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களோடும் சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போடட்டும். மனுவில் பாலத்தின் பெயர், காலை எட்டு மணிக்கு அதைக் கடக்கும் சைக்கிள்களின் எண்ணிக்கை, அதில் மாணவிகள் எத்தனை பேர் என்பதை நீங்களே நின்று எண்ணி எழுதுங்கள்.