சட்டமிடாத பிரதியைக் காட்டுங்கள்

எமது பிரதேச இளைஞர்கள் சிலர் அண்மையில் முகப்படங்களின் கண்காட்சியொன்றை நடத்தினார்கள். வாசலில் வைக்கப்பட்டிருந்த கருத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'மிக அருமை', 'மாஷா அல்லாஹ்', 'பணி தொடர வாழ்த்துகள்' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே வசனங்கள். வெளியே தேநீர்க் கடையில் போய் அமர்ந்தால், அந்த வசனங்களை எழுதியவர்களே அந்தப் படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கொண்டிருந்தார்கள். 'பவுடர் கடை' என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே எழுதப்பட்டதும் விமர்சனமல்ல, வெளியே பேசப்பட்டதும் விமர்சனமல்ல. படமெடுத்த பிள்ளை இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு போக ஒன்றுமே இல்லை. 'வளருகிற பிள்ளைகள், மனம் நோகப் பேசக்கூடாது' என்று நண்பரொருவர் என்னோடு வாதிட்டார். மனம் நோகாமல் பொய் சொல்வதற்கும், மனம் நோக நையாண்டி பண்ணுவதற்கும் இடையில் மூன்றாவது வழியொன்று இருப்பதை நாம் ஏன் மறந்தோம்?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் படித்த பையனொருவன், தன் மூத்தம்மாவைப் போனில் எடுத்த படத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தான். "சேர், எப்பிடி இரிக்கி?" என்றான். எண்பதைத் தாண்டிய அந்த மனுசியின் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. தோல் சுண்ணாம்பு பூசிய சுவர் போலிருந்தது. "இது மூத்தம்மாவாடா, பீங்கான் கோப்பையாடா?" என்று கேட்டேன். அறையே சிரித்தது. பையனும் சிரித்தான். அதன் பின்னர் அவன் எனக்கு ஒரு படமும் காட்டவில்லை.

அந்த மனுசி மௌத்தானபோது வீட்டுக்குப் போனேன். அவருடைய படம் வேறு இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அதுக்குப் பொறகு நான் எடுக்கல்ல சேர்" என்றான். அவர்களிடம் எஞ்சியிருந்தது அந்தச் சுண்ணாம்புப் படம் மட்டுமே.

நான் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவன் மறுநாள் போய்ச் செய்யக்கூடியது எதுவும் அதில் இருக்கவில்லை. அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். மூத்தம்மா வெயில் எறிக்கும் முற்றத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார். பின்னாலிருந்த வெளிச்சத்தில் முகம் இருண்டுபோக, பையன் போனிலே வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறான். அப்போது எழுந்த புள்ளிகளை மறைக்க அழகூட்டும் பொத்தானை அழுத்த, சுருக்கங்களும் சேர்ந்து போய்விட்டன. 'கதிரையைத் திருப்பி, வாசலைப் பார்த்து இருத்து. முகத்துக்குக் கிட்டப் போகாதே, கிட்டப் போனால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள். கண்ணில் கூர்மை விழட்டும்.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அரை நிமிடம்கூட எடுத்திராது.

இது எனக்குத் தெரியாத வித்தையுமல்ல. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் பயிற்சியின்போது, பின் வாங்கில் அமர்ந்து எனது பாடத்தைப் பார்த்த விரிவுரையாளர், பாடக்குறிப்பில் 'நன்று' என்றோ 'மோசம்' என்றோ எழுதவில்லை. 'மூன்றாம் வரிசைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. இடப்பக்கம் விலகி நிற்கவும்' என்று எழுதினார். இன்றுவரை இடப்பக்கம் விலகியே நிற்கிறேன். எனக்குக் கிடைத்ததை நான் அந்தப் பையனுக்குக் கொடுக்கவில்லை.

படத்தைத் திருத்துவது பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். எமது கலியாண அல்பங்களைப் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கை வேறொரு நிறம். இதனைச் செய்த ஸ்டூடியோக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை, 'கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க' என்று கேட்டவர்கள் நாம்தான். இரண்டு கிழமையில் தானாக மறையும் பருவை அழிக்கலாம். மறையாத மச்சமும் தழும்பும் சுருக்கமும் அந்த ஆளுக்குரியவை, அவற்றில் கைவைக்க எமக்கு உரிமையில்லை. கறுத்த மேனியில் ஒளி எத்தனை அழகாகத் தங்கும் என்பதை, 1944 இல் மறைந்த லயனல் வென்ட் இந்த நாட்டிலேயே எடுத்துக் காட்டிவிட்டுத்தான் போனார். ஆகவே விமர்சகர் குறை சொல்ல வேண்டியது படத்துக்கு, முகத்துக்கல்ல. 'ஆள் கறுப்பு, அதுதான் படம் எடுபடவில்லை' என்று சொல்பவருக்குப் படமும் தெரியாது, மனிதரும் தெரியாது.

விமர்சனத்தைப் பெறுபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. வாயைத் திறந்ததுமே 'அது வேணுமென்றுதான் அப்பிடி எடுத்தேன்' என்று குறுக்கே பாயாதீர்கள். முதலில் கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடக்கினால் அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். அதற்காகச் சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஜூலியா மார்கரட் கமரோன் தனது 48 ஆவது வயதில், மகள் பரிசளித்த கெமராவோடு படமெடுக்கத் தொடங்கியவர். 1875 இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879 இல் இங்கேயே மரணித்துப் பொகவந்தலாவையில் அடக்கப்பட்டவர். அவருடைய முகப்படங்கள் கூர்மையற்றவை, கறைபடிந்தவை என்று அக்காலப் புகைப்படச் சஞ்சிகைகள் ஏளனம் செய்தன. அந்த மென்மையை அவர் கைவிடவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொண்டவருமல்ல. நண்பரான ஓவியர் வொட்ஸிடம் தன் படங்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். வொட்ஸ் அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த பிரதிகள் வேண்டாம், பழுதான, ஒட்டாத பிரதிகளை அனுப்புங்கள், தீர்மானிக்க எனக்கு அவை போதும் என்பதுதான்.

நாமோ சட்டமிட்டு, ஆணியடித்து, நாடா வெட்டி, பிரதம அதிதிக்குப் பொன்னாடையும் போர்த்திய பிறகு 'உங்கள் காத்திரமான விமர்சனங்களை எதிர்பார்க்கிறோம்' என்கிறோம். எமது நூல் வெளியீடுகளின் கதையும் இதுதான். அச்சிட்டு முடிந்த கவிதையில் எந்த வரியைத் திருத்துவது? அந்த மேடையில் புகழ்வதைத் தவிர வேறு வழியில்லை. பேச வேண்டியது தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறது.

அந்த இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னதாக, சட்டமிடாத படங்களை ஒரு மேசையில் பரப்பி எங்களைக் கூப்பிடுங்கள். கருத்துப் புத்தகம் வேண்டாம். தேநீரை அங்கேயே தாருங்கள். நான் வருவேன். என் பழைய மாணவனையும் கூப்பிடுவேன். வருவானோ தெரியாது. வந்தால், அந்தப் படத்தைப் பற்றி அன்று சொல்லாததை இப்போதாவது அவனிடம் சொல்ல வேண்டும்.