உப்புத் தண்ணீர் வீட்டுக்கு ஓர் உமரித் தொட்டி

கடலோர ஊர்களில் வீடு கட்டிக் குடியேறும் பலருக்கும் நேர்வதுதான் இது. ஆசையாகக் கீரைப் பாத்தி போடுவார்கள். முதல் ஓரிரு வருடம் நன்றாக வரும். அப்புறம் போர்வெல் தண்ணீர் லேசாகக் கரிக்கத் தொடங்கும். இலை நுனிகள் கருகும். கொத்தமல்லி முளைக்கவே முளைக்காது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக் கட்டுப்படியாகாமல், "இந்த மண்ணுல எதுவும் வராது" என்று மண்வெட்டியை மூலையில் சாத்திவிடுவார்கள்.

ஆனால் அதே ஊரின் உப்பளத்து வரப்பிலும் கழிமுகச் சேற்றிலும், யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு கீரை செழித்து நிற்கும். அதுதான் உமரிக்கீரை. சுவேடா மாரிடிமா என்பது அதன் தாவரவியல் பெயர். முழங்கால் உயரத்துக்குள் வளரும். இலை தட்டையாக இருக்காது. சின்னக் குச்சி போல உருண்டு, சதைப்பற்றோடு இருக்கும். முற்றினால் சிவக்கும்.

உப்பை என்ன செய்கிறது?

வேர் இழுக்கும் உப்பை உமரி தன் இலையில் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. அதனால்தான் இலையைக் கடித்தால் கரிக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உமரி நான்கே மாதங்களில் ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோ உப்பை எடுத்தது தெரியவந்தது. ஆக, இது உணவு மட்டுமல்ல, மண்ணுக்கு வைத்தியமும்கூட.

எப்படி வளர்ப்பது?

உப்பைத் தாங்கும் செடி என்றாலும், விதை முளைக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். கடற்கரையிலும் மழை பெய்து உப்பு கரைந்த பிறகுதான் இது முளைக்கும். எனவே வடகிழக்குப் பருவமழைக் காலமே விதைக்க ஏற்றது.

பாதி மணல், பாதி தோட்டத்து மண், ஒரு கைப்பிடி மக்கிய எரு. அடியில் ஓட்டை உள்ள தொட்டியோ குரோ பேக்கோ போதும். நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் வையுங்கள். பொடி விதைகளை மேலாகத் தூவி, ஈரம் காயாமல் மழைநீர் தெளியுங்கள். செடி ஒரு விரல் உயரம் வந்ததும் போர்வெல் தண்ணீருக்கு மாறலாம். ஒரு சாண் வளர்ந்ததும் நுனித் தளிரைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முற்றிய செடியையும் உதிர்ந்த இலையையும் அதே மண்ணில் மக்கவிட்டால், எடுத்த உப்பு திரும்ப மண்ணுக்கே போய்விடும். அப்புறப்படுத்துங்கள். உரக்குழியிலும் போட வேண்டாம்.

சமைக்கும்போது...

தளிரை அலசி, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். புது நீரில் இன்னொரு முறை வேகவைத்துப் பிழிந்தால் கரிப்பு அடங்கும். பிறகு சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, வெந்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்யலாம். உப்பு மட்டும் போடாதீர்கள். இறக்கும் முன் ருசி பாருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. எத்தனை முறை வடித்தாலும் கொஞ்சம் உப்பு தங்கவே செய்யும்.

விதைக்கு எங்கே போவது?

காப்புக்காட்டில் கை வைக்காதீர்கள். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஓடைக்கரைச் செடி பார்க்கப் பசுமையாக இருந்தாலும் வேண்டாம். உப்பை இழுப்பது போலவே ஈயம் போன்ற உலோகங்களையும் அது இழுத்து வைத்திருக்கலாம். மீன் விற்க வரும் அக்காவிடமோ, உப்பளத்தில் வேலை பார்க்கும் பெரியவரிடமோ கேளுங்கள். செடியைச் சரியாக அடையாளம் காட்ட அவர்களால்தான் முடியும். ஒருமுறை காய்த்துவிட்டால், அடுத்த மழைக்கு விதை உங்கள் தொட்டியிலேயே கிடைக்கும்.