குடுவையா, பொட்டலமா?

நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு வட்டம் வீட்டுத் தோட்டம் உண்டு. சுரங்கத்தில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தோழர், கத்தரிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கட்டிலைத் தேடுகிறார். ஆடி பிறந்துவிட்டால் வேலி ஓரத்திலே வழக்கு மூளும். "நாட்டு விதைதான் விதை, மற்றதெல்லாம் நஞ்சு" என்பார் இந்த வீட்டுக்காரர். "போன வருஷம் உங்க நாட்டுச் செடி எத்தனை காய் காய்ச்சுது, சொல்லுங்க அண்ணே!" என்று மடக்குவார் அந்த வீட்டுக்காரர். சென்ற வாரம் நம்மைக் கண்டதும் இருவரும் தீர்ப்புக் கேட்டனர்.

தீர்ப்புக்கு முன் நாம் ஒன்று கேட்டோம். நாட்டு விதை என்கிறீரே, எந்த நாடு? தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. போர்ச்சுகீசியர் வருமுன் தமிழன் குழம்பிலே மிளகாய் ஏது? மிளகுதான் காரம்! பாட்டி வைத்திருந்தாள் என்பதாலேயே சொத்தைக் காய் சுவைத்துவிடாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதென்றால், வயதுக்காகவா? தின்றவன் நாக்கு சாட்சி சொன்னது!

அப்படியானால் வண்ணப் பொட்டலத்துக்கு வணக்கம் போடுவோமா? அதுவும் இல்லை. பொட்டலத்தின் மூலையிலே 'எஃப் 1' என்று பொடி எழுத்தில் இருக்கும், பாரும். இரண்டு வேறு ரகங்களைக் கூட்டிப் பெற்ற முதல் தலைமுறை அது. ஒரே அளவாக வளரும், மளமளவென்று காய்க்கும். அந்தக் காயின் விதையை எடுத்து மறுபடி ஊன்றினால், பிள்ளைகள் ஆளுக்கொரு குணமாகப் பிரிந்து நிற்கும். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் 1866-லேயே எழுதிவைத்த உண்மை இது. சூது ஏதும் இல்லை. ஆனால் பருவத்துக்குப் பருவம் கடைப் படிக்கட்டு ஏறவேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பதை இருவருமே மறந்தார்கள். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 தக்காளி எங்கே பிறந்தது? அன்னஞ்சி வட்டாரத்துத் தக்காளியிலிருந்து உருவாக்கப்பட்டது. கோ 2 கத்தரி, வரிக்கத்தரியிலிருந்து பொறுக்கி எடுத்தது. கடலூர் மாவட்டத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையமும் பி.எல்.ஆர். கத்தரி தந்திருக்கிறது. 'பாரம்பரியம்' என்ற பட்டம் இவற்றுக்கு இல்லை, 'சாதா விதை' என்று ஒதுக்குகிறார்கள். எடுத்து வைத்தால் மறு ஆண்டும் முளைத்துத் தாயைப்போலவே காய்ப்பவை இவை! ஆகவே, விதையின் வயதைக் கேட்காதீர். அடுத்த ஆடிக்கும் அது உம் கையில் இருக்குமா என்று கேளும். இதுவே நம் தீர்ப்பு. இந்தப் பருவம் குழம்புச்சட்டி நிறைந்தால் போதும் என்பவர் ஒட்டு விதை வாங்கட்டும், குற்றமில்லை. ஒரு பாத்தியாவது சொந்த விதைக்கு ஒதுக்கட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தது. அதன் சுரங்கத்துக்காக ஊர்கள் எழுந்து போயின. நிலத்துக்கு விலை போட்டார்கள், மரத்தை எண்ணினார்கள். அடுப்படிக் கூரையிலே தொங்கிய சுரைக்குடுவையில், அம்மா சாம்பலில் புரட்டி வைத்திருந்த கத்தரி விதைக்கு விலை போட்டவர் யார்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலே மண்வெட்டும் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அன்று இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று எண்ணி எண்ணிப் பத்து விதை போட்ட பொட்டலத்தைப் 'பாரம்பரியம்' என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேடிக்கையா, வேதனையா?

விதை எடுப்பது பெரிய வித்தையல்ல. நோயில்லாத நல்ல செடியிலே, ஆரம்பக் காயும் கடைசிக் காயும் வேண்டாம், நடுவிலே காய்த்ததை மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வையுங்கள். இந்த வேலையைக் காலமெல்லாம் செய்தவர்கள் பெண்கள். ஆராய்ச்சியாளர் என்று அவர்களை யாரும் அழைத்ததில்லை! விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்திலேயே ஏற்றிருக்கிறது.

பூசணிதான் தொல்லை. தேனீக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டு மகரந்தம் மறு வீட்டுப் பூவிலே அமரும், விதையிலே கலப்பு வரும். ஆகவே தோழர்கள் இருவரும் பேசி ஒரே ரகம் போடட்டும். இல்லையேல், மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முதல்நாள் மாலையே நூலால் கட்டிவைத்து, விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவால் பெண் பூவைத் தொட்டு, பெண் பூவை மீண்டும் கட்டட்டும். காய் முற்றியதும் விதையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பிடி நமக்கும் வேண்டும், வந்து வாங்கிக்கொள்வோம்.