கேட்காமல் மூடிய சாலை

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்த பார்முலா 4 கார் பந்தயத்துக்காகப் பொதுச் சாலைகளை மூடியது தவறு. பந்தயம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதால் அந்தத் தவறு சரியாகிவிடாது. பந்தயத்தின் செலவுக் கணக்கையும் அதை எதிர்த்துப் போட்ட வழக்கின் விவரத்தையும் தலைநகரப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. திருவள்ளூர் மாவட்டத்து நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையில் இருந்து பார்க்கிற நமக்கு உறுத்துவது வேறு. அந்தச் சாலைகளை அன்றாடம் நம்பியிருப்பவர்கள் சென்னைவாசிகள் மட்டுமல்ல. நம்மையும் சேர்த்துத்தான் வழியை மறித்தார்கள். மறிக்கும் முன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

பந்தயப் பாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர். தீவுத்திடலில் தொடங்கி கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சுவாமி சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுற்றி மறுபடியும் தீவுத்திடலுக்கே வந்து சேரும். வரைபடத்தில் அது சின்ன வளையம். ஆனால் அந்த வளையத்துக்கு வடமேற்கில் சென்ட்ரல் ரயில் நிலையமும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. அதன் ஓரத்திலேயே, அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் சந்திக்கும் இடத்தில், ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை நிற்கிறது. தெற்கே திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனை, அதைத் தாண்டினால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. வடக்கே பாரிமுனையும் கோடவுன் தெருவும். ஏழை எளியவர்கள் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் வந்து இறங்குகிற இடங்கள் எல்லாம் இந்த வளையத்தை ஒட்டித்தான் இருக்கின்றன.

நம் ஊரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் என்ன நடக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். முதலில் திருத்தணி. அங்கே முடியாது என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்தும் சீட்டு எழுதிக் கொடுத்தால் சென்னை. 108 ஆம்புலன்ஸில் போகிறவர்கள் சிலர். சிகிச்சை தொடர்கிறவர்கள், மாத்திரை வாங்கப் போகிறவர்கள், ஸ்கேன் எடுக்கத் தேதி கொடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் விடியலில் பஸ் பிடித்துத் திருத்தணி வந்து, மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்குகிறார்கள். பொது மருத்துவமனை என்றால் சாலையைக் கடந்தால் போதும். ஓமந்தூராருக்கோ ராயப்பேட்டைக்கோ போக வேண்டியவருக்கு அண்ணா சாலை வழியாகப் போகும் டவுன் பஸ்தான் கதி. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் அவர் விடிகாலையில் ரயிலேறி இருக்க மாட்டார்.

இவருக்குத்தான் ஆகஸ்ட் 30 முதல் மூன்று நாட்கள், நண்பகலில் இருந்து இரவு வரை, "மாற்றுப் பாதையில் செல்லவும்" என்று சொன்னார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு மாற்றுப் பாதை என்பது பத்து நிமிடத் தாமதம். ஊரில் இருந்து கையில் எக்ஸ்ரே உறையோடு வந்து இறங்கும் அறுபது வயதுக்காரருக்கு அது வழி தவறிப் போவது. எந்த பஸ் எங்கே நிற்கும், எத்தனை தூரம் நடக்க வேண்டும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் வெயிலில் நிற்பது. நோயாளியின் உடன் வந்தவர் சாப்பாடு வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்ப முடியாமல் தவிப்பது. சனி, ஞாயிறு தானே என்கிறார்கள். தறிக்காரர் குடும்பத்தில் உள்நோயாளியைப் பார்க்கக் கிளம்புவது வேறு எந்தக் கிழமையில்? வாரக் கூலி கையில் வந்த பிறகுதான் நம் ஊரில் சென்னைப் பயணமே முடிவாகிறது. லுங்கிக் கட்டை எடுத்துக்கொண்டு கோடவுன் தெருவுக்குப் போய்வரும் சிறு வியாபாரிக்கும் சனிக்கிழமை என்பது ஓய்வு நாள் அல்ல.

ஆம்புலன்ஸுக்கு வழி விட ஏற்பாடு இருந்தது என்று பதில் வரும். இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் ஆம்புலன்ஸில் போகிறவர் நூற்றில் எத்தனை பேர்? மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸிலும் நடந்தும்தான் போகிறார்கள். அவர்களுடைய பயணத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போக்குவரத்து மாற்றம் பற்றிய அறிவிப்பு சென்னைப் பதிப்புகளிலும் சமூக ஊடகங்களிலும் வந்தது. அதே அறிவிப்பைத் திருத்தணி பஸ் நிலையத்திலோ, அரக்கோணம், திருவள்ளூர் ரயில் நிலையங்களிலோ ஒரு தட்டியில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்பார்கள். அதுதான் இன்னும் கவலை தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதைக் குற்றம் என்கிறது. மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால் குற்றமில்லை. 115ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில்கூட வெளியிட வேண்டியதில்லை. சூழ்நிலை இடம் கொடுக்கிற அளவுக்கு உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். சாலையில் நடப்பவரை, அதன் ஓரத்தில் கடை வைத்திருப்பவரை, அதன் வழியே ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக் கேட்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்றால் கேட்கக்கூடாது என்று பொருளா? மெரினாவின் காமராஜர் சாலையில் இரவில் பைக் பந்தயம் விடும் பையன்களைப் பிடித்து வழக்குப் போடுகிறோம். சரிதான். அந்தச் சாலை ஊருக்குப் பொது என்பதால்தானே அதைச் செய்கிறோம்? அந்த நியாயம் தடுப்புச் சுவரும் விளக்குக் கம்பமும் வைத்து நடத்தும் பந்தயத்துக்கும் பொருந்தும்.

சாலையை மூடுவதே கூடாது என்பதல்ல நம் வாதம். ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிற்கிறது. காவடியோடு மைல் கணக்கில் நடக்கிறோம். தேர் ஓடும் நாளில் வீதி முழுக்க வண்டி நிற்கிறது. யாரும் முணுமுணுப்பதில்லை. அந்த நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும், அந்தத் திருவிழா எல்லோருடையதும்கூட. எங்கே நீர்மோர்ப் பந்தல் போடுவது, முதியவர்களை எப்படி ஏற்றிவிடுவது என்பதெல்லாம் ஊர் கூடிப் பேசி வழிவழியாக வந்த ஏற்பாடு. டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் திறக்கும் திடலுக்காக, டிக்கெட் வாங்காதவரின் வழியை மூடுவதை இதோடு சேர்த்துப் பேச முடியாது.

கார் பந்தயத்தின் மேல் நமக்கு எந்தப் பகையும் இல்லை. பகை இருக்கவும் முடியாது. இந்த விளையாட்டு தமிழ்நாட்டில் வேர் பிடித்ததே நம் மாவட்டத்தில்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. நாடெங்கிலும் இருந்து வந்து ஓட்டினார்கள். செங்குன்றம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த இரைச்சல் இன்னும் நினைவிருக்கும். ஒருவர் வழியையும் மறிக்காமல் அங்கே பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ஓடுபாதை அமைத்து 1990இல் திறந்தது. அதன் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், தீவுத்திடல் பாதையைவிடச் சற்று அதிகம். கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பார்முலா 1 வரை போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். அவருடைய தந்தையும் தென்னிந்திய ராலியில் பெயர் பெற்றவர். இப்படிப்பட்ட மாநிலத்தில் பந்தயத்துக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

இன்னொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு பார்முலா 4 தொடரின் முதல் சுற்று, தீவுத்திடல் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் நடந்தது. அதே வகைக் கார்கள், அதே தொடர். ஒருவரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. ஒரு வாரத்தில் அந்த இடம் எப்படிப் போதாததாக ஆயிற்று? தொலைக்காட்சியில் நேப்பியர் பாலம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சிக்காக மூன்று நாட்கள் அண்ணா சாலையைக் கொடுத்தது அநியாயம்.

பொதுச் சாலை ஒருநாளும் ஓடுபாதை ஆகாது. எத்தனை தடுப்பு வைத்தாலும் அது ஊரின் நடுவில்தான் கிடக்கிறது. இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவிலும் நாய் ஒன்று பாதைக்குள் ஓடி வந்ததையும் பந்தயம் தாமதமானதையும் நாடே பார்த்தது. கிராமச் சாலையில் இது எப்படி முடியும் என்பதற்கு ராஜஸ்தானின் பார்மர் மாவட்டமே சாட்சி. 2019 செப்டம்பர் 21 அன்று தேசிய ராலியின் ஒரு கட்டம் அங்கே மூடப்பட்ட சாலையில் நடந்துகொண்டிருந்தது. அர்ஜுனா விருது பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த கௌரவ் கில் ஓட்டிய கார், எதிரே வந்த மோட்டார் சைக்கிள் மீது மோதியது. கணவன், மனைவி, மகன் மூவரும் இறந்தார்கள். சாலை மூடப்பட்டிருந்தது, தடுப்பை மீறி வந்துவிட்டார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அவர்கள் வந்தது தினமும் போகும் சாலையில். வயலுக்கும் வீட்டுக்கும் இருப்பது ஒரே வழி என்னும்போது, இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டிய நாடா அதை எப்படி மூடிவிட முடியும்?

ராலி என்பது அடிப்படையில் கிராமத்துச் சாலையின் விளையாட்டு. மண் ரோடு, மலையோரம், காட்டு வழி எல்லாம் அதற்குத் தேவை. பள்ளிப்பட்டில் இருந்து ஆந்திர எல்லை வரை நம் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அந்த வகைதான். உயர் நீதிமன்றமும் நூறு கேமராக்களும் பக்கத்தில் இருக்கும்போதே சென்னையில் கேட்காமல் மூடினார்கள். நாளை இங்கே ஒரு சாலை தேவைப்பட்டால் யாரைக் கேட்பார்கள்? இத்தாலியில் மிலே மிக்லியா பந்தயம் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடியது. 1957இல் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து, வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதோடு அந்தப் பந்தயத்தை அந்த நாடு நிறுத்தியது. ஐல் ஆஃப் மேன் தீவில் இன்றும் பந்தயத்துக்குச் சாலையை மூடுகிறார்கள். ஆனால் அங்கே 1904இலேயே தங்கள் சொந்த மன்றத்தில் பேசி, அதற்கென்று சட்டம் இயற்றினார்கள். பந்தயத்தை வரவேற்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது அந்தத் தீவுதான்.

முடிவெடுப்பவர்களுக்குச் சாலை என்றால் என்ன என்பது தெரியாது என்று நாம் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். 2021 நவம்பரில் நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் மூழ்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் துண்டாகின. பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும் பிரசவத்துக்குப் பெண்களைக் கொண்டுபோகவும் சுற்றுவழி தேடினோம். உயர்மட்டப் பாலம் கேட்டு எத்தனை மனுக்கள் போயிருக்கும்! அப்போது இவர்களுக்கு அவசரம் இல்லை. திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையில் சாலையை அகலப்படுத்தும் வேலை நிலம் எடுப்பதிலேயே சிக்கிப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. நம் ஆம்புலன்ஸ் போவது அந்தச் சாலையில்தான். எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஒரு தலைமுறையைக் காக்க வைத்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்று, அங்கே குடியிருப்பவர்கள் சொந்தத் தெருவைக் கடக்க முடியாமல் கிடந்தார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் சிப்காட் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள், வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் வழியின் லட்சணத்தைச் சொல்வார்கள்.

இதே பந்தயம் முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளுக்குக் குறிக்கப்பட்டது. மிக்ஜாம் புயல் வந்தது. வீடுகளுக்குள் தண்ணீர் நின்று, பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்த நாட்கள் அவை. பந்தயத்தைத் தள்ளி வைத்தார்கள், வேறு வழியில்லை. ஆனால் பந்தயச் சாலையை வழவழப்பாகப் போடுவதில் காட்டிய முனைப்பு, மழைநீர் போகும் வழியைச் சரிசெய்வதில் இருந்திருந்தால் என்று அன்றைக்கே நெஞ்சு கொதித்தது. வேண்டும் என்று நினைத்தால் இவர்களால் நல்ல சாலை போட முடிகிறது, விளக்குப் போட முடிகிறது, இரவு பகலாக ஆள் வைத்து வேலை முடிக்க முடிகிறது. இதுவரை நாம் கேட்ட ஒவ்வொரு சாலைக்கும் சொன்ன "நிதி இல்லை, ஆள் இல்லை, நிலம் எடுக்க முடியவில்லை" என்ற பதிலை இனி நாம் ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தும் நடத்துவோம் என்ற பேச்சு பந்தயம் முடிந்ததுமே கேட்டது. நடத்தட்டும், இருங்காட்டுக்கோட்டையில் நடத்தட்டும். பொதுச் சாலைதான் வேண்டும் என்றால், அந்தச் சாலையால் வாழ்கிறவர்களை முதலில் கேட்பதற்கு ஒரு முறை வந்தாக வேண்டும். அது கிராம சபையா, பேரூராட்சிக் கூட்டமா, பொது விசாரணையா என்பதை அவர்களே யோசித்துச் சொல்லட்டும். வெளியூரில் இருந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களின் குரலும் அதில் கேட்க வேண்டும். அப்படி ஒரு முறை வரும் வரை, பந்தயத்துக்காக எந்த ஊரிலும் ஒரு மணி நேரம்கூடச் சாலையை மூடக்கூடாது.