இஸ்திகாராவை ஹஜ்ரத்திடம் ஒப்படைக்கும் முதலாளிகளுக்கு



"ஹஜ்ரத், மனம் குழம்பிக் கிடக்கிறது. எனக்காக ஓர் இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்." திருப்பூரில் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் எவரும் இவ்வேண்டுகோளைக் கேட்காமல் ஓராண்டைக் கடந்திருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகளின் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காட்டைத் தொட்ட பின்னர் இக்குரல் இன்னும் பெருகியது. ஆர்டர் நின்றுவிட்டது, ஆட்களைக் குறைப்பதா, ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்குவதா, தம்பியின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவதா? கேட்பவரின் துன்பம் பொய்யன்று. ஆனால் அவர் தெளிவைத் தேடும் வழி தவறு. முகத்துக்காகவும் நன்கொடைக்காகவும் இதைச் சொல்லாமல் விட்டது எம் போன்றோரின் குற்றம்.

இஸ்திகாரா தொழுகையை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. காரியம் எவருக்கோ, அவரே இரண்டு ரக்அத் தொழுது, அவரே துஆச் செய்ய வேண்டும் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. நாமோ கனவில் பச்சை வந்ததா, வெள்ளை வந்ததா என்று காத்திருக்கிறோம். அதுவும் வேறொருவருடைய கனவில்! இதைவிடக் கொடியது அடுத்து நிகழ்வது. "இஸ்திகாராவில் வந்துவிட்டது" என்று முதலாளி அறிவித்துவிட்டால் பங்காளியும் மனைவியும் மேலாளரும் வாய் திறக்க இயலாது. தம் விருப்பத்துக்கு அல்லாஹ்வின் முத்திரையைக் குத்திக்கொள்வது தெளிவாகுமா?

இன்னொரு சாரார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டல் அரங்குகளில் கட்டணம் செலுத்தி, கண்மூடி அமர்ந்து, மூச்சை எண்ணி மனத்தைத் துடைத்து வருகிறார்கள். தலைமைப் பண்புக்கு அது அவசியமாம். மூச்சுப் பயிற்சியோடு எனக்குப் பகை இல்லை. அமைதியடைந்த மனமெல்லாம் தெளிந்த மனம் என்று எண்ணுவதைத்தான் மறுக்கிறேன்.

கோபத்தில் இருக்கும் நிலையில் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்ற நபிமொழியை அபூபக்ரா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். நம் இமாம்கள் கோபம் என்ற சொல்லோடு நின்றுவிடவில்லை. தடைக்குக் காரணம் சிந்தை கலைவதே எனக் கண்டு, சிந்தையைக் கலைக்கும் மற்றவற்றுக்கும் அச்சட்டத்தை விரித்தார்கள். பசி, தாகம், தூக்கக் கலக்கம், கடுந்துயர், அளவுகடந்த மகிழ்ச்சி, சிறுநீரை அடக்கிக்கொண்டிருத்தல் வரை அப்பட்டியல் நீள்கிறது. உஸூல் பாடத்தில் கியாஸுக்கு எடுத்துக்காட்டாக இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் கடைசிச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம்மூர் முதலாளி ஒருவரின் இரவைப் பாருங்கள். மணி பதினொன்றரை. ஷிப்மென்ட் தாமதமாகியிருக்கிறது. இரவுச் சோறு இறங்கவில்லை. பையிங் ஏஜென்டின் குறுஞ்செய்தி இப்போதுதான் வந்தது. அந்நிலையில் கட்டிங் மாஸ்டரை அழைத்து, "நாளை முதல் இருபது பேர் வேண்டாம்" என்கிறார். ஓர் ஆட்டுக்குட்டியின் வழக்கைக்கூட அந்நிலையில் தீர்க்கக் காழிக்கு அனுமதி இல்லை. இவரோ இருபது குடும்பங்களின் வழக்கைத் தீர்த்துவிட்டார். அளவுகடந்த மகிழ்ச்சியையும் மறந்துவிடாதீர்கள். பெரிய ஆர்டர் கிடைத்த களிப்பில் வட்டிக்கு வாங்கி இயந்திரங்களைக் குவித்த நாளில் எந்த மூச்சுப் பயிற்சி ஆசிரியரும் தேவைப்படவில்லை அல்லவா?

ஜமாஅத் நிர்வாகமும் இதற்கு விலக்கன்று. இஷாவுக்குப் பின் கூடி, கணக்கு வழக்கில் குரல் உயர்ந்து, நள்ளிரவில் ஒரு குடும்பத்தை விலக்கி வைக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடும் பெரியவர்களே, அத்தீர்மானத்தை ஃபஜ்ருக்குப் பின் ஒருமுறை வாசித்துப் பார்த்ததுண்டா?

சரி, பசியும் கோபமும் தூக்கமும் நீங்கின. போதுமா? போதாது. தனக்காகவும், தன் பெற்றோருக்காகவும், தன் பிள்ளைகளுக்காகவும் காழி தீர்ப்பளிக்கக் கூடாது என்பதும் ஃபிக்ஹில் உள்ளது. அவர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் சரி. ஆதாயம் கோபத்தைப் போல் கொதிக்காது. ஆகையால் அது இருப்பதே தெரிவதில்லை.

நொய்யலை நினைத்துப் பாருங்கள். 1992-இல் பாசனத்துக்கெனத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீருக்காக ஏங்க வேண்டிய உழவர்களே, அத்தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே உத்தரவில் ஊரே நின்றது. அத்தொழிலின் வருமானத்தில் நம் வீடுகளிலும் அடுப்பெரிந்தது என்பதை மறைக்க வேண்டாம். அத்தனை ஆண்டுகளும் முடிவெடுத்தவர்கள் எல்லாரும் மனக் கொந்தளிப்பிலா இருந்தார்கள்? இல்லை. நிம்மதியாக உறங்கியவர்களே பலர். முடிவெடுத்த அறையில் ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர் இல்லை. இருந்தவர் அனைவருக்கும் ஆதாயம் ஒரே திசையில் இருந்தது.

ஆகவேதான் மார்க்கம் மஷூராவை வைத்தது. உஹதில் வெளியே சென்று போரிடுவோம் என்ற பலரின் கருத்தை ஏற்று நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள், இழப்பு பெரிதாயிற்று. இனி எவரையும் கேட்க வேண்டாம் என்றல்லவா மனிதப் புத்தி சொல்லும்? அதற்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் 159-ஆம் வசனமோ அதே தோழர்களிடம் கலந்தாலோசிக்கக் கட்டளையிட்டது.

ஹுதைபிய்யாவில், ஹிஜ்ரி 6-இல், உடன்படிக்கை எழுதி முடிந்ததும் பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மும்முறை கூறியும் துயரத்தில் உறைந்திருந்த ஸஹாபாக்களில் ஒருவரும் எழவில்லை. தலைவருக்கு இதைவிடக் கடினமான கணம் உண்டா? அவர்கள் அங்கே நின்று யாரையும் ஏசவில்லை. கூடாரத்துக்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, தங்கள் பலியை அறுத்து, தங்கள் முடியைக் களையுங்கள் என்று அன்னையார் யோசனை சொன்னார்கள். அவ்வாறே செய்தார்கள், மக்கள் எழுந்து பின்பற்றினார்கள். வஹீ வரும் தூதரே மனைவியின் யோசனையைக் கேட்டிருக்க, பனியன் கம்பெனி நடத்தும் நமக்கு வீட்டிலும் பவர் டேபிளிலும் இருப்போரைக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது.

அடுத்த முறை இஸ்திகாரா கேட்டு வருபவரிடம் நான் கேட்கவிருப்பது இதுதான்: நேற்றிரவு உறங்கினீர்களா? வேலை இழக்கவிருக்கும் செக்கிங் பெண்களிடமும் டெய்லர்களிடமும் ஆர்டர் கணக்கைத் திறந்து காட்டி, வேறு வழி உண்டா என்று கேட்டீர்களா? சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு எல்லாரும் இருக்கலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னால், முதலில் உங்கள் வீட்டுச் செலவைக் குறைக்கச் சம்மதமா? அதன் பின் நீங்களே ஒளுச் செய்து, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, இரண்டு ரக்அத் தொழுங்கள். அதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் வாருங்கள், ஃபஜ்ருக்குப் பின். தேநீர் அருந்தியபடி பேசுவோம்.